இழைப்பும் இழுப்பும்

மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, கார் ஷெட்டிலிருந்து கதவின் அடி இடுக்கு வழியாகப் பக்கத்துத் தையல் அறைக்குள் வந்த மரத்தூசி, அங்கே கம்பியில் தொங்கிய பதினொரு வெள்ளைக் கோட்டுகளின் மேல் படிந்தது.

கோட்டுகள் ஓர் ஆஸ்பத்திரியின் டாக்டர்களுக்காகத் தைக்கப்பட்டவை. மொத்தம் அறுபது. மீதி நாற்பத்தொன்பதுக்கான துணி இன்னும் வந்து சேரவில்லை. தைத்தவள் லிஃப்ட்காரரின் மனைவி. தூசியைக் கிளப்பியவர் லிஃப்ட்காரர்.

லிஃப்ட்காரர் முப்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாரத்தில் மூன்று நாள் அதிகாலை ஷிஃப்ட். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். வீட்டில் கார் கிடையாது. அதனால் கார் ஷெட் அவர் ராஜ்யமாகிவிட்டது. நடுவில் மேசை ரம்பம், சுவரோரம் பலகையை இழைக்கிற மிஷின், மூலையில் துளை போடுகிற மிஷின், அலமாரித் தட்டில் பலகையை வழவழப்பாக்கக் கையால் பிடித்து ஓட்டுகிற தேய்ப்பு மிஷின். அவர் செய்த ஸ்டூல்கள் அந்தத் தெருவில் ஏழெட்டு வீடுகளில் ஆடாமல் நிற்கின்றன. ஆடிய ஒன்றைத் திருப்பி வாங்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

லிஃப்ட் வேலையில், கெட்டுப்போன ஒன்று மறுபடியும் பழைய மாதிரி ஓடுவதுதான் உச்சபட்ச வெற்றி. புதிதாக எதுவும் உண்டாகிவிடாது. காலையில் இல்லாத ஒரு பொருள் சாயங்காலம் இருப்பது கார் ஷெட்டில் மட்டும்தான் நடந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவர் மனைவி சத்தம் போடவில்லை. ஒரு கோட்டைக் கொண்டுவந்து ரம்பத்தின் மேல் விரித்து, அதன் மார்பில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

“இது என்ன கலர்?”

“வெள்ளை.”

“விரல் பட்ட இடம் வெள்ளை. மிச்சம்?”

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“தேக்கு,” என்றார்.

“நான் டாக்டருங்களுக்குக் கோட்டு தைக்கறேனா, பாலிஷ் போடறேனா?” என்று கேட்டாள். “பத்தொம்பதாம் தேதி மிச்சத் துணி வருது. அதுக்குள்ள ஒண்ணு தூசி நிக்கணும், இல்ல மிஷின் போகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.”

பதினொரு கோட்டையும் துவைத்து, காயவைத்து, மறுபடி இஸ்திரி போட அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் வீட்டில் இஸ்திரிப் பெட்டி மட்டும்தான் பேசியது.

லிஃப்ட்காரர் முதலில் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பார்த்தார். வீடு பெருக்குகிற வாக்குவம் க்ளீனரின் குழாயை இழைக்கிற மிஷினின் வாயில் டேப் சுற்றி ஒட்டினார். நான்கு நிமிடம் பிரமாதமாக வேலை செய்தது. ஐந்தாவது நிமிடம் குழாயின் வளைவில் மரச்சீவல் அடைத்துக்கொள்ள, க்ளீனர் ஒருமுறை ஓலமிட்டுவிட்டு ஓய்ந்தது. அடுத்த நாள் ஜன்னலில் ஒரு ஃபேனைத் திருப்பி மாட்டினார். தூசி சமத்தாக வெளியே போனது. போய், சுவரைச் சுற்றிக்கொண்டு, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

“தூசிக்கு ஒரு வழி பண்ணச் சொன்னேன். வீட்டைச் சுத்திக் காட்டச் சொல்லல,” என்றாள் மனைவி.

அதற்குப் பிறகுதான் அவர் முறையாகப் படிக்க உட்கார்ந்தார். கண்ணில் பட்ட விலைப் பட்டியல், படம், விளக்கம் ஒன்றையும் விடவில்லை. லிஃப்ட் சோதனை எழுதுகிற நோட்டிலேயே குறிப்பு எடுத்தார். சீவல் கண்ணுக்குத் தெரியும், கனம், தானாகக் கீழே விழும். நுண்தூசி கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் மிதக்கும். குழாய் குறுகினாலும் நீண்டாலும் இழுக்கிற வேகம் செத்துவிடும். உறிஞ்சுகிற மிஷின்களில் இரண்டு ஜாதி: வந்ததையெல்லாம் ஒரு துணிப்பைக்குள் ஊதித் தள்ளுவது ஒன்று, கூம்புக்குள் சுழலவிட்டு, கனமானதை டிரம்மில் இறக்கிவிட்டு, மிச்சத்தை ஃபில்டரில் பிடிப்பது இன்னொன்று. கடைசி வரியில், பழக்கதோஷத்தில், ‘தற்போதைய நிலை: ஆட்களை ஏற்றத் தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

படித்ததெல்லாம் சரி. ஆனால் மனசு என்னவோ பெரிய மோட்டார் பக்கம்தான் சாய்ந்தது. அதோடு ஒரு வரைபடமும் தயாரானது. உறிஞ்சும் மிஷின் ஒரு மூலையில். அங்கிருந்து கூரையோரமாக ஒரு பெரிய குழாய். அதிலிருந்து நான்கு மிஷினுக்கும் நான்கு கிளை. வேண்டாதபோது மூடிவைக்க, கிளைக்கு ஒரு அடைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் பென்சில். பார்க்கப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கான லிஃப்ட் படம் போல இருந்தது. அதை அவர் இரண்டு முறை பிரதி எடுத்தார், அழகுக்காகவே.

பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, மிஷின் விற்கிற கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். லிஃப்ட் தொழிலில், கம்பிக்கயிறு கூண்டை இழுக்கிற வலுவுக்கு அவர்கள் பட்டறையில் வழங்குகிற பெயர் ‘இழுப்பு’. முப்பது வருடத்தில் அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. கயிறானாலும் காற்றானாலும் இழுக்கிற எதுவும் அவருக்கு இழுப்புதான். இன்னொன்று, அந்தக் குடும்பத்தில் ழகரத்தையும் ளகரத்தையும் யாரும் பிரித்து வைத்ததில்லை. பலகையை ‘இழைக்கிறேன்’ என்று அவர் சொன்னால், மூச்சு ‘இளைக்கிறேன்’ என்றுதான் காதில் விழும்.

அந்த நேரம் பார்த்து, இடுப்பு பிடித்துக் கொடுத்த பாவாடையை வாங்கிப் போக அவர் மச்சினி வந்தாள். மனைவியின் தங்கை, மருந்துக்கடையில் பதினாறு வருடமாக வேலை. அவளைப் பொறுத்தவரை இழுப்பு என்றால் மூச்சு இழுப்பு. வேறு அர்த்தம் உலகத்தில் இல்லை. சமையலறையைத் தாண்டி வந்தவள், பின்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம், அத்தானின் குரலைக் கேட்டு நின்றாள்.

“ஆமாங்க, இளைக்கும்போதுதான் ரொம்ப மோசம்… ஒரு நாலு நிமிஷம் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் அடைச்சுக்குது… குழாய் எல்லாம் சின்னதா இருக்குங்க, அதுதான் காரணம்னு படிச்சேன்… இல்லங்க, மோட்டாரே பழசு. அதை வச்சு எத்தனை நாள் ஓட்டறது?… எனக்கு இழுப்புதாங்க முக்கியம். இழுப்புக்கு என்ன இருக்கு உங்ககிட்ட?… வீட்டுல இன்னும் சொல்லல. சொன்னா பயந்துடுவா. பெரிய செலவு பாருங்க… சனிக்கிழமை நீங்களே வந்து பார்த்துடறீங்களா? ரொம்ப நல்லதாப் போச்சு.”

லிஃப்ட்காரர் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினார். மச்சினி கண் கலங்க நின்றுகொண்டிருந்தாள்.

“வாம்மா. எப்ப வந்த?”

“இப்பத்தான் அத்தான்.” அவர் கையை ஒருமுறை பிடித்து விட்டாள். “நீங்க உக்காருங்க. எழுந்திருக்காதீங்க.”

பாவாடையை வாங்காமலே போய்விட்டாள். இடுப்பை மனைவி இறுக்கமாகப் பிடித்திருப்பாள், அதில்தான் வருத்தமாக்கும் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. கேட்காமலே வெந்நீர் வந்தது. கட்டிலில் அவர் பக்கம் இன்னொரு தலையணை ஏறியிருந்தது. வாசலில் இறக்கிய பலகைகளை அவர் வருவதற்குள் மனைவியே ஒவ்வொன்றாகத் தூக்கி ஷெட்டுக்குள் வைத்திருந்தாள். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றப் போனவரை, “இறங்குங்க, நான் மாத்தறேன்,” என்று இறக்கிவிட்டு அவளே ஏறினாள். லிஃப்ட்காரர் இதையெல்லாம் சமாதானக் கொடி என்று எடுத்துக்கொண்டார். தேக்குக் கோட்டுக்காகக் கோபப்பட்டதை நினைத்து வருந்துகிறாள், பாவம்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் அவளே பேச்சை எடுத்தாள்.

“இந்த இழுப்பு விஷயம் எனக்குத் தெரியும்.”

லிஃப்ட்காரர் நிமிர்ந்து பார்த்தார். “யார் சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. எத்தனை நாளா இருக்கு?”

“இருந்தாத்தான் பரவாயில்லையே! இல்லைங்கறதுதானே பிரச்சினை.”

“எல்லாத்துலயும் ஒரு வேடிக்கை. என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ பயந்துடுவன்னுதான். செலவு கொஞ்சம் ஆகும்.”

“செலவைப் பத்தி யாரு கேட்டா?” அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். “என்ன செலவானாலும் பார்த்துக்கலாம்.”

இப்படி ஒரு வாக்கியம் அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோய், “நீ ஒண்ணும் கவலைப்படாத. பத்தொம்பதாம் தேதிக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடறேன்,” என்றார்.

“முடிச்சிடறேன் கிடிச்சிடறேன்னு எல்லாம் பேசாதீங்க!” என்று கத்திவிட்டு அவள் உள்ளே போனாள்.

பெண்கள் மனசு யாருக்குப் புரிகிறது என்று யோசித்தபடி அவர் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

அவருக்குத் தெரியாமல் நடந்தது இது. அக்காவும் தங்கையும் தையல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, நோய்க்குக் காரணம் மரத்தூசி என்று முடிவு கட்டினார்கள். திங்கட்கிழமைக்கு நெஞ்சு டாக்டரிடம் நேரம் வாங்கினார்கள். ஷெட்டில் இருக்கிற நான்கு மிஷினையும் உடனே வெளியேற்றுவது என்றும் தீர்மானித்தார்கள். கேட்டால் விடமாட்டார், அதனால் கேட்கவே கூடாது. சமையலறை அலமாரிகள் செய்து கொடுக்கிற ஒருவர் மச்சினிக்குப் பழக்கம். சனிக்கிழமை காலை வேனோடு வந்து தூக்கிப் போவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை, பதினைந்தாம் தேதி, பத்து மணிக்கு இரண்டு வேன்கள் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. முதல் வேனிலிருந்து அலமாரிக்காரர் கயிறும் இரண்டு உருளைக் கட்டைகளுமாக இறங்கினார். இரண்டாவதிலிருந்து மிஷின் கடைக்காரர், கையில் விலைப் பட்டியலோடு. வாசலில் நின்றவள் மச்சினி.

“இழுப்புக்கு வரச் சொல்லியிருந்தாங்க,” என்றார் கடைக்காரர்.

“அப்பாடா. டாக்டரே வீட்டுக்கு வந்துட்டீங்களா?”

“டாக்டர் இல்லம்மா. ஆனா நம்ம மிஷினுக்கு ரெண்டு வருஷம் கேரண்டி உண்டு.”

மச்சினிக்கு முகம் வெளுத்தது. “மிஷினா? மிஷின் வைக்கற அளவுக்கா போயிடுச்சு?”

“அவர் சொன்னதைப் பார்த்தா பெருசாவே வச்சுடறது நல்லதும்மா. நாலு இடத்துல குழாய் போடணும்னு ஆசைப்படறாரு.”

“நாலு குழாயா!” மச்சினி வாயில் கையை வைத்துக்கொண்டு, “அக்கா!” என்று போட்ட சத்தத்தில் லிஃப்ட்காரர் ஷெட்டிலிருந்தும், மனைவி தையல் அறையிலிருந்தும் ஓடிவந்தார்கள்.

“வாங்க வாங்க,” என்றார் லிஃப்ட்காரர், கடைக்காரரைப் பார்த்து. பிறகு அலமாரிக்காரரைப் பார்த்து, “நீங்க யாருங்க?”

“ரம்பத்தை எடுத்துட்டுப் போக வந்திருக்கேண்ணே. மனசைத் தேத்திக்குங்க. எங்க சித்தப்பாவுக்கும் இழுப்புதான். இன்னமும் ஜோராத்தான் இருக்காரு.”

“ரம்பத்தையா? எதுக்கு?”

“அத்தான், இனிமே மறைக்காதீங்க,” என்றாள் மச்சினி. “நான் என் காதால கேட்டேன். இளைக்கும்போது மோசமா இருக்கு, அடைச்சுக்குது, இழுப்புக்கு என்ன இருக்குன்னு நீங்க ஃபோன்ல கேட்டீங்க. மோட்டார் பழசுன்னீங்க. நெஞ்சைத்தானே சொன்னீங்க?”

 லிஃப்ட்காரர் மெதுவாகத் திரும்பி, ஷெட்டுக்குள் தெரிந்த இழைக்கிற மிஷினைக் கைகாட்டினார்.

“அது இளைக்கும்போதும்மா.”

“அது எப்படி அத்தான் இளைக்கும்? அது மிஷின்.”

“பலகையை இளைக்கும்போது! பலகை! சீவல் வருதே, அது குழாயில அடைச்சுக்குது. தூசியை இழுக்கற மிஷினுக்கு இழுப்பு எவ்வளவுன்னு கேட்டேன். மோட்டார்னா வாக்குவம் க்ளீனர் மோட்டார்!”

முதலில் சிரித்தவர் அலமாரிக்காரர். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, வேனில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைக்காரருக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. புரிந்ததும் விலைப் பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ழகரத்தை ஒழுங்காச் சொல்லியிருந்தா இந்தக் கூத்து வந்திருக்குமா?” என்றாள் மச்சினி, வெட்கம் கோபமாக மாறி.

“நீ சொல்லேன் பார்ப்போம்.”

“இளைப்பு.”

“ஆஹா. தேன்.”

சிரிக்காதவள் மனைவி மட்டும்தான். அலமாரிக்காரர் கொண்டுவந்த உருளைக் கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. பாரு, கல்லு மாதிரி இருக்கேன்.”

“நாலு நாளா நான் தூங்கல,” என்றாள் அவள். “நீங்க மூச்சு விடறதை எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். இல்லாத இழுப்புக்கே இந்தப் பாடு. நாளைக்கு நிஜமாவே வந்தா? கோட்டு மேல படிஞ்ச தூசியைக் கண்டுபிடிச்சேன், துவைச்சேன். உங்களுக்குள்ள படியறதை எங்க கொண்டு போய்த் துவைக்கறது?”

லிஃப்ட்காரர் தன் சட்டை மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தார். இத்தனை நாள் நோட்டுப் போட்டுப் படித்தவர், நுண்தூசி மணிக்கணக்கில் மிதக்கும் என்று தன் கையாலேயே எழுதியவர், அது மிதந்து யாருக்குள் போகிறது என்ற இடத்தைத் தாண்டித் தாண்டியே வந்திருந்தார்.

அவள் எழுந்தாள். “திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கறீங்க. அது மாறாது. நீங்க,” அலமாரிக்காரரிடம் திரும்பி, “கொஞ்சம் இருங்க. மிஷின் போகுதா இல்லையான்னு இன்னும் முடிவாகல.” பிறகு கடைக்காரரிடம், “நீங்க கொண்டு வந்ததைக் காட்டுங்க.”

கடைக்காரர் இரண்டு பேரை வைத்து ஒரு பெரிய மோட்டாரையும், ஆள் உயரத் துணிப்பை ஒன்றையும் இறக்கினார். லிஃப்ட்காரரின் கண்ணில் ஒளி ஏறியது. அவர் கனவில் வந்த மோட்டார் அதுதான். ஓட்டிக் காட்டினார்கள். தரையில் குவித்திருந்த சீவல் ஒரு நொடியில் காணாமல் போனது. அலமாரிக்காரரின் தொப்பியும் கூடவே கிளம்பலாமா என்று கொஞ்சம் யோசித்தது.

“பாருங்க மேடம், என்ன இழுப்பு!” என்ற கடைக்காரர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் மோட்டாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள். புதிதாக ஒரு பையை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் துணியைத் தேய்த்தாள். வாயருகே வைத்து ஊதினாள். பிறகு தன் இடுப்புப் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்பீஸை எடுத்து, விரலால் நொறுக்கி, அந்தப் பைக்குள் போட்டு, தான் கட்டியிருந்த கறுப்புப் பாவாடைமேல் வைத்து இரண்டு தட்டு தட்டினாள். பையை எடுத்ததும் பாவாடையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது.

“இது பை இல்லங்க. சல்லடை.”

“மேடம், சீவல் எல்லாம் இதுல ஒண்ணு தப்பாது.”

“சீவல் யார் நெஞ்சுக்குள்ளயும் போகாது. தரையில விழும், பெருக்கிடலாம். தப்பிக்கற பொடியைத்தான் நான் கேக்கறேன். கீழ கிடந்த தூசியை உறிஞ்சி, தலை உயரத்துல நின்னு இவர் மூஞ்சியில ஊதறதுக்கு ஒரு மோட்டாரா?”

“உண்மைதாண்ணே,” என்று அலமாரிக்காரர் நடுவில் புகுந்தார். “என் கடையில இதே பைதான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினா அன்னைக்கு என்ன மரம் அறுத்தேன்னு சொல்லிடலாம்.”

கடைக்காரர் அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் வியாபாரி, ஒரு கதவு சாத்தினால் அடுத்ததைத் தட்டாமல் விடமாட்டார். “இன்னொண்ணு இருக்கு மேடம். வேன்லயே இருக்கு. மோட்டார் சின்னது, அதனால யாரும் கேக்கறதில்ல. சைக்ளோன்னு பேரு.”

“புயலா? வீட்டுக்குள்ளயா?” என்றாள் மச்சினி.

இறக்கினார்கள். இடுப்பு உயர டிரம், அதன் மேல் தலைகீழான கூம்பு, பக்கத்தில் வட்டமாக ஒரு ஃபில்டர். மனைவி ஃபில்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். விரலை மடிப்புகளுக்குள் விட்டுப் பார்த்தாள். முகம் முதல் தடவையாகக் கொஞ்சம் மலர்ந்தது.

“இது மடிப்புத் தையல். கொசுவி கொசுவி வச்சிருக்காங்க. பார்க்கத்தான் ஒரு முழம்; பிரிச்சுப் போட்டா இந்த ஷெட்டுக்கே விரிக்கலாம்.” எழுந்து கணவரிடம் சொன்னாள்: “துணி ஜாஸ்தியா இருந்தா காத்து மெதுவா வெளிய வரும். மெதுவா வந்தா பொடியைத் தள்ளிக்கிட்டு வராது. பையில துணி கம்மி, அதனால பீச்சுது.”

லிஃப்ட்காரர் நோட்டைத் திறந்து பார்த்தார். பதினாறு பக்கம் எழுதியிருந்தார். இந்த ஒரு வரி அதில் இல்லை. கடைக்காரர் தன் பட்டியலின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

“ஆனா இதோட இழுப்பு,” என்று லிஃப்ட்காரர் ஆரம்பித்தார், “நாலு குழாய்க்கும் பத்தாதே.” மடித்து வைத்திருந்த வரைபடத்தை எடுத்து ரம்பத்தின் மேல் விரித்தார். நான்கு கலரும் பளிச்சென்று இருந்தன. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

“அழகா இருக்கு அத்தான்,” என்றாள் மச்சினி, மனதார.

மனைவியும் பார்த்தாள். “ஒரே நேரத்துல எத்தனை மிஷின்கிட்ட நிப்பீங்க?”

“ஒண்ணுகிட்டத்தான்.”

“அப்ப எதுக்கு நாலு குழாய்?”

அவர் நான்கு கலர் கோடுகளையும் விரலால் ஒருமுறை தொட்டு எண்ணினார். அலமாரிக்காரர் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

“அடியில சக்கரம் இருக்கு பாருங்க,” என்று அவள் சொன்னாள். “எந்த மிஷின்ல வேலையோ அதுகிட்ட தள்ளிட்டுப் போங்க. குட்டையா, தடிமனா ஒரே ஒரு குழாய். நீளம் கூடினா இழுப்பு குறையும்னு நீங்கதானே புதன்கிழமை பூரா உங்களுக்குள்ளயே புலம்பிட்டிருந்தீங்க? அதைக் கேட்டுட்டு நான் வேற அழுதேன்.”

லிஃப்ட்காரர் வரைபடத்தை மடித்தார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று அவர் சட்டைப்பைக்குள் போனது. கொஞ்சம் வலித்தது, ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

அவள் அதோடு விடவில்லை. சைக்ளோனை நான்கு நாள் வைத்துப் பார்க்கத் தருவீர்களா என்று கேட்டாள். கடைக்காரர் சம்மதித்தார். அலமாரிக்காரரிடம், “செவ்வாய்க்கிழமை சோதனை. தேறாத மிஷின் எதுவோ அது உங்களுக்கு,” என்றாள். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “தேறக்கூடாதுன்னு நினைச்சுக்கறதா, தேறணும்னு நினைச்சுக்கறதா?” என்று லிஃப்ட்காரரிடம் ரகசியமாகக் கேட்டார். “ரம்பம் நல்ல ரம்பம் அண்ணே.”

திங்கட்கிழமை டாக்டர் அவர் வாயில் ஒரு குழாயை வைத்து ஊதச் சொன்னார். மூன்று தடவை ஊதினார். வயசுக்குத் தக்க மூச்சுதான், ஒன்றும் இல்லை, ஆனால் மரவேலை செய்யும்போது முகமூடி போடாமல் இருப்பது மடத்தனம் என்று டாக்டர் சொன்னார். மனைவி அதை எழுதித் தரச் சொன்னாள். டாக்டர் எழுதித் தந்தார். அன்று மத்தியானமே அவள் தடித்த கம்பளித் துணியில் நீளமாக ஒரு பட்டை தைத்து, ஷெட்டுக் கதவின் அடி இடுக்கில் ஆணியடித்து மூடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை சோதனை. கல்யாணக் கோட்டுகளுக்கு உள்ளே வைத்துத் தைத்து மீந்த கறுப்பு லைனிங் துணியில் மூன்று துண்டு வெட்டினாள். ஒன்றை ஷெட்டில் அலமாரி மேல் விரித்தாள், இன்னொன்றைக் கதவடியில், மூன்றாவதைத் தையல் அறையில் கோட்டுக் கம்பியின் கீழ். மச்சினி கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். நான் கெடுத்த காரியம், நானே முடிவையும் பார்க்கணும் என்றாள்.

லிஃப்ட்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டார். வெளிறிய மரமாகப் பார்த்து மனைவி எடுத்து வைத்திருந்தாள்; கறுப்பில் தெரிய வேண்டுமே. பத்துப் பலகை இழைத்தார். சைக்ளோனின் கூம்புக்குள் சீவல் சுழன்று சுழன்று டிரம்மில் இறங்கும் சத்தம், மழை ஓய்ந்த பிறகு ஓட்டுத் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. நிறுத்தியதும் அவள் உள்ளே வந்து அலமாரி மேல் துணியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

லிஃப்ட்காரர் முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“ம்,” என்றாள். “அடுத்தது.”

ரம்பத்தில் எட்டு வெட்டு. துணியில் ஓரமாக ஏதோ தெரிந்தது. அது மச்சினியின் முகப் பவுடர் என்று விசாரணையில் தெரிந்தது. துளை மிஷினில் இருபது துளை. ஒன்றும் இல்லை. கடைசியாகக் கையில் பிடிக்கிற தேய்ப்பு மிஷின். அதன் பின்பக்கத்துத் துளையும் குழாயின் வாயும் பொருந்தவில்லை, டேப் சுற்றினார், சுற்றிய டேப் இரண்டாவது நிமிடமே பிய்ந்துகொண்டது. ஐந்து நிமிடத்தில், ஜன்னலிலிருந்து விழுந்த வெயிலில், ஒரு வெளிர்மஞ்சள் புகை நிதானமாக எழுந்து நின்றது. இத்தனை வருடம் அதே இடத்தில் நின்று தேய்த்தவர், அதை முதல் தடவையாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

மனைவி அலமாரித் துணியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் பிடித்தாள். அதில் விரலால் கோடு இழுக்கவில்லை. தேவைப்படவில்லை.

“இது போகட்டும்,” என்றார் லிஃப்ட்காரர், அவள் கேட்பதற்கு முன்பே.

“தேய்க்கணும்னா?”

“உப்புக்காகிதம் வாங்கிக்கறேன். வாசல்ல உக்காந்து கையால தேய்க்கறேன்.”

“எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு பார்த்து உக்காருங்க அத்தான்,” என்றாள் மச்சினி. “சமையலறை ஜன்னல் இருக்கு.”

தையல் அறையில் விரித்த துணியிலும் கதவடியில் விரித்ததிலும் எதுவும் படியவில்லை. கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, சைக்ளோனைத் திருப்பி எடுக்க வரவேண்டாம் என்று மனைவியே சொன்னாள்.

பத்தொன்பதாம் தேதி மீதித் துணி வந்தது. வியாழக்கிழமை அலமாரிக்காரர் வந்து தேய்ப்பு மிஷினை எடுத்துக்கொண்டு போனார். அறுபது கோட்டுகளும் ஏப்ரல் இரண்டாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போயின. கை நீளம் போதவில்லை என்று இரண்டு திரும்பி வந்தன. ரம்பமும் இழைக்கிற மிஷினும் துளை மிஷினும் கார் ஷெட்டில் இருக்கின்றன.